படுத்துக்கொண்டே வாங்கிய மெடல்



நீளமான பதிவு. கொஞ்சம் கோபமாகவும் இருக்கும். வகுப்பில் நான் கோபப்பட்டபோது பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுக்காரர் தன் பேத்தியின் படத்தை இங்கே போட்டிருந்தார். சென்னையில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த துடுப்புப் படகுப் போட்டியில் அவளுடைய படகு முதலாவதாக வந்திருக்கிறது. படத்தில் ஐந்து பெண்கள், ஐந்து மெடல்கள். நடுவில் நிற்கும் எங்கள் வீட்டுப் பெண் மட்டும் தலை முதல் கால் வரை நனைந்து சொட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியவற்றை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய பழக்கம்.

"நாலு பேர் துடுப்பு போட்டிருக்காங்க, அஞ்சாவது ஆளுக்கு எதுக்கு மெடல்?"

"இவ துடுப்பைத் தொடவே இல்லையாம். படகுல படுத்துக்கிட்டே வந்தாளாம். நல்ல வேலைதான்!"

"ஒன்னாம் நம்பர் சீட்டு யாரு? அந்தப் பொண்ணுதானே பெஸ்ட்?"

"நனைஞ்சிருக்காளே, வழியில விழுந்துட்டாளோ?"

ஒவ்வொன்றுக்கும் கீழே சிரிப்புப் பொம்மைகள். எழுதியவர்களில் பாதிப் பேர் உறவினர். மீதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். எல்லாரும் விளையாட்டாகத்தான் எழுதினீர்கள், தெரியும். மறுநாள் அவள் தாத்தாவிடம் சொல்லிப் படத்தை எடுத்துவிடச் செய்தாள். விடுமுறைக்கு என்னிடம் வந்தவள், "அடுத்த வருஷம் டீம்ல சேரப்போறதில்ல பெரிய பாட்டி" என்றாள். காரணம் கேட்டேன். "நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்" என்றாள். அது அவளுடைய வாக்கியம் இல்லை. நீங்கள் கொடுத்த வாக்கியம்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றுவரை எனக்கும் ஒன்றும் தெரியாது. நான் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தக் கொட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்துப் பாடம் நடத்தினாள். பிறகு நானும் தேடிப் படித்தேன், போட்டிகளைப் பார்த்தேன். இப்போது உங்களுக்கு நடத்துகிறேன்.

போட்டிப் படகுகளில் பெரியது எட்டுப் பேர் படகு. மூன்று வகுப்பறைகளைச் சேர்த்து வைத்த நீளம், 17, 18 மீட்டர் இருக்கும். அகலமோ ஓர் ஆள் உட்காரும் அளவுதான். ஆளுக்கு ஒரே ஒரு துடுப்பு, ஒருவருக்கு இடப்பக்கம் என்றால் அடுத்தவருக்கு வலப்பக்கம். இருக்கைகளின் எண் அணியத்திலிருந்து தொடங்குகிறது. அணியம் என்றால் படகின் முன்முனை, அமரம் என்றால் பின்முனை. கடலோரத்து மாணவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கே நீங்கள்தான் சொல்லித்தந்தீர்கள்.

இதில் முதலில் மனதில் பதிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துடுப்பு போடும் எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. விட்டுவந்த தண்ணீர்தான் தெரியும்.

எல்லாரும் பின்பக்கம் பார்ப்பதால், அமரத்தை ஒட்டி இருக்கும் எட்டாம் இருக்கைக்காரரின் முதுகுதான் மற்ற ஏழு பேருக்கும் வழிகாட்டி. அவரை ஸ்ட்ரோக் என்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை துடுப்பு தண்ணீரில் இறங்க வேண்டும் என்ற தாளம் அவரிடமிருந்து பிறக்கிறது. ஏழாமவர் அந்தத் தாளத்தை வாங்கி எதிர்ப்பக்கத் துடுப்புகளுக்குக் கொண்டுபோகிறார். ஏழாமவர் தடுமாறினால் படகின் ஒரு பக்கமே தடுமாறும். மூன்று முதல் ஆறு வரை நடுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் உயரமானவர்கள், பலசாலிகள். அவர்களை 'எஞ்சின் அறை' என்றே அழைக்கிறார்கள். முன்னால் இருக்கும் ஒன்றும் இரண்டும் குறுகலான முனையில் இருக்கிறார்கள். படகின் ஆட்டம் அவர்களைத்தான் அதிகம் பாதிக்கும், அவர்களுடைய சிறு தவறும் படகை அதிகம் ஆட்டும். எனவே அங்கே கனம் குறைந்த, கை சுத்தமான ஆட்களை வைப்பார்கள்.

இப்போது சொல்லுங்கள், ஒன்றாம் நம்பர் சீட்டுதான் பெஸ்ட்டா?

அந்தக் கேள்வி கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். அது எங்கள் தவறு. எண்ணைப் பார்த்ததும் ரேங்க் என்று நினைக்க உங்களைப் பழக்கியவர்கள் நாங்கள், ஆசிரியர்கள். முதல் ரேங்க் வாங்கியவனைக் கைதட்டி எழுப்பி நிற்க வைத்தோம். கடைசி ரேங்க் வாங்கியவனையும் எழுப்பி நிற்க வைத்தோம், கைதட்டாமல். அந்தப் பழக்கத்தில் படகிலும் ரேங்க் தேடுகிறீர்கள். படகில் இருக்கும் எண் இடத்தைச் சொல்கிறது. அந்த இடத்தில் ஒரு வேலை இருக்கிறது. அவ்வளவுதான்.

அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாமா என்றால், கூடாது. தேர்வு நம் அரையாண்டுத் தேர்வைவிடக் கடுமை. எர்கோமீட்டர் என்று ஓர் இயந்திரம். தரையில் உட்கார்ந்து இழுத்தால் தனி ஆளின் பலத்தை நேரக் கணக்கில் சொல்லிவிடும். ஆனால் நல்ல பயிற்சியாளர்கள் அதோடு நிறுத்துவதில்லை. இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு படகிலிருந்து ஒருவரையும் மற்றதிலிருந்து ஒருவரையும் மாற்றி உட்கார வைத்து மறுபடி ஓட்டுகிறார்கள். வேறு எதையும் மாற்றுவதில்லை. எந்த ஆள் வந்ததும் படகு வேகம் கூடுகிறது என்று பார்க்கிறார்கள். இயந்திரத்தில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர் இதில் ஜெயிப்பதுண்டு. தனியே பலசாலியாக இருப்பவர் வந்து உட்கார்ந்ததும் படகு மெதுவாவதும் உண்டு.

முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று ஒருநாளும் நான் அளந்து பார்த்ததில்லை. அதற்கு மதிப்பெண் பட்டியலில் கட்டம் இல்லை.

சரி, அந்த ஐந்தாவது ஆளுக்கு வருவோம்.

துடுப்பு பிடிக்காத அந்த ஆளுக்கு காக்ஸ் என்று பெயர். எட்டுப் பேர் படகில் காக்ஸ் அமரத்தில், ஸ்ட்ரோக்கின் முகத்தைப் பார்த்தபடி உட்காருவார். இவளுடையது நான்கு பேர் படகு. இக்காலத்து நான்கு பேர் படகுகள் பலவற்றில் காக்ஸின் இடம் அணியத்துக்குள் இருக்கிறது. காற்றுத் தடை குறையவும் படகு ஆடாமல் இருக்கவும் மல்லாந்து படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டியிருக்க வேண்டும். ஆமாம், படுத்துக்கொண்டேதான் வந்தாள். அவள் படுக்க வேண்டிய இடம் அது.

அப்படிப் படுத்துக்கொண்டு என்ன செய்தாள் என்று யாராவது கேட்டீர்களா?

அந்தப் படகில் போகும் திசையைப் பார்க்கிற இரண்டு கண்கள் அவளுடையவை மட்டும். சுக்கான் அவள் கையில். சுக்கானை எவ்வளவு திருப்புகிறாளோ அவ்வளவு வேகம் குறையும், ஏனென்றால் அது தண்ணீரைத் தடுக்கிறது. எனவே நல்ல காக்ஸ் என்பவர் சுக்கானை மிகக் குறைவாகத் தொடுபவர். அதுவும் துடுப்புகள் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் பார்த்து மெல்லத் திருப்ப வேண்டும். துடுப்புகள் காற்றில் இருக்கும்போது திருப்பினால் படகு சாயும். தன் தடத்தை விட்டு விலகினால் பக்கத்துப் படகின் துடுப்போடு மோதும், போட்டியிலிருந்தே விலக்கிவிடுவார்கள். நான்கு பேரின் மாதக்கணக்கான உழைப்பு அந்த ஒரு கையில் இருக்கிறது.

இன்னொன்று குரல். அவளிடம் மைக் இருக்கிறது, படகுக்குள் சிறு ஸ்பீக்கர்கள். எத்தனை மீட்டர் மீதி, எதிரிப் படகு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, எப்போது வேகம் கூட்டுவது, யாருடைய துடுப்பு அரை நொடி பிந்துகிறது, எல்லாம் அவள்தான் சொல்ல வேண்டும். முன்னால் படுத்திருப்பதால் தன் தோழிகளை அவளால் பார்க்க முடியாது. முதுகுக்குக் கீழே படகு குலுங்குவதை வைத்தே இடப்பக்கம் சோர்கிறதா வலப்பக்கம் சோர்கிறதா என்று கண்டுபிடிக்கிறாள். என்னிடம் சொன்னாள்: கடைசி 200 மீட்டரில் படகு ஒரு பக்கம் இறங்குவது தெரிந்ததாம். மூன்றாம் இருக்கைப் பெண்ணின் பெயரைச் சொல்லித் திட்டவில்லையாம். "எல்லாரும் கையை ஒரு விரல்கடை உயர்த்துங்க" என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளையின் தவறை இப்படித் திருத்த எனக்கு எத்தனை வருடம் ஆனது தெரியுமா? இவளுக்கு வயது பத்தொன்பது.

"கனம் குறைந்த ஆள் என்று தூக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். 1900ல் பாரிஸ் ஒலிம்பிக். நெதர்லாந்தைச் சேர்ந்த பிரான்சுவா பிரான்ட், ரோலோஃப் க்ளைன் என்ற இருவரின் படகு. தங்கள் காக்ஸ் கனமாக இருக்கிறார் என்று இறுதிப் போட்டிக்கு அவரை இறக்கிவிட்டு, உள்ளூர்ச் சிறுவன் ஒருவனை உட்கார வைத்தார்கள். ஜெயித்தார்கள். படத்தில் இருவருக்கும் நடுவே அந்தப் பையன் நிற்கிறான். ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களிலேயே மிகச் சிறியவன் அவனாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அவன் பெயரை அன்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஆளைக் கனமாக மட்டும் பார்த்தால் இதுதான் நடக்கும். மெடல் மிஞ்சும், பெயர் மிஞ்சாது.

அந்த விளையாட்டு அதோடு நின்றுவிடவில்லை. இன்று சர்வதேசப் போட்டிகளில் காக்ஸ் குறைந்தது 55 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் அந்தக் குறைக்கு எடை வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஆகவே ஒல்லியாக இருப்பதால் மட்டும் யாருக்கும் இடம் கிடைக்காது. ஆண்கள் படகுக்குப் பெண்ணும், பெண்கள் படகுக்கு ஆணும் காக்ஸாக இருக்கலாம். பிரிட்டனின் ஹென்றி ஃபீல்ட்மன் டோக்கியோவில் ஆண்கள் படகோடு வெண்கலம் வாங்கினார், 2024ல் பாரிஸில் பெண்கள் படகோடு வெண்கலம் வாங்கினார். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே, 1981ல், ஆக்ஸ்போர்டு கேம்பிரிட்ஜ் போட்டியில் சூ பிரவுன் என்ற பெண் ஆக்ஸ்போர்டின் ஆண்கள் படகைத் தேம்ஸ் நதியில் செலுத்தி ஜெயித்தார். அடுத்த ஆண்டும் ஜெயித்தார். எட்டு ஆண்கள் அவர் குரலுக்குத் துடுப்பு போட்டார்கள்.

வேலை என்றால் என்ன என்று இன்னும் புரியாதவர்களுக்கு 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் அமெரிக்காவுக்காக வந்திருந்தார்கள். ஸ்ட்ரோக் இருக்கையில் டான் ஹியூம். இறுதிப் போட்டியின்போது அவருக்குக் கடுமையான உடல்நலக் குறைவு. பயிற்சியாளர் வேறு ஆளைப் போட நினைத்தார். படகுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள், அவரை உட்கார வைத்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று.

ஓட்டத்தில் பின்தங்கினார்கள். காக்ஸ் பாப் மாக், எதிரில் இருந்த ஹியூமைப் பார்த்து வேகத்தைக் கூட்டச் சொன்னார். ஹியூமிடம் பதில் இல்லை, மயக்கம் போன்ற நிலை. தாளத்தை ஏழாம் இருக்கை ஜோ ரான்ட்ஸிடம் மாற்றிவிடலாமா என்று மாக் எண்ணும்போது ஹியூம் கண் திறந்து தாளத்தைப் பிடித்துக்கொண்டார். கரையில் கூட்டத்தின் இரைச்சலில் காக்ஸின் குரல் கேட்கவில்லை. மாக் மரக்கட்டையால் படகின் பக்கத்தைத் தட்டித் தாளம் கொடுத்தார். அமெரிக்கா 6 நிமிடம் 25.4 விநாடி. இத்தாலி 6 நிமிடம் 26 விநாடி. ஜெர்மனி 6 நிமிடம் 26.4 விநாடி. மூன்று படகுகளும் ஒரே விநாடிக்குள் வந்து சேர்ந்தன.

அந்த 0.6 விநாடி யாருடையது? ஹியூமுடையதா, ரான்ட்ஸுடையதா, துடுப்பையே தொடாத மாக்குடையதா? பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

நம் நாட்டுக்கே வாருங்கள். 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஆண்கள் எட்டுப் பேர் படகு வெள்ளி வாங்கியது. அன்று நாம் எல்லாரும் கைதட்டினோம். அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், ஒன்பது பெயர் இருக்கும். ஒன்பதாவது தனஞ்சய் உத்தம் பாண்டே, காக்ஸ். அவருக்கு எதற்கு மெடல் என்று அன்று ஏன் கேட்கவில்லை? டி.வி.யில் வந்தால் மரியாதை, நம் வீட்டுப் பெண் என்றால் கிண்டலா? ஆலப்புழையில் நேரு கோப்பைப் போட்டி பார்ப்பீர்களே, அங்கே சுண்டன் வள்ளத்தின் அமரத்தில் நின்று படகைச் செலுத்துகிறார்களே, அவர்களைப் பார்த்து "சும்மா நிக்கிறான்" என்று கரையில் நின்று சொல்லிப் பாருங்கள். ஊர் திரும்ப மாட்டீர்கள்.

காக்ஸே இல்லாத படகுகளும் உண்டு, தெரிந்துகொண்டேன். அங்கே துடுப்பு போடும் ஒருவரின் காலணியோடு கம்பி இணைத்திருக்கும். பாதத்தைத் திருப்பிச் சுக்கானை இயக்கிக்கொண்டே இழுக்க வேண்டும், அடிக்கடி கழுத்தைத் திருப்பி வழியும் பார்க்க வேண்டும். ஆள் இல்லாமல் போனாலும் வேலை இல்லாமல் போவதில்லை.

"அப்படியானால் எல்லாரும் சமம், எல்லாருக்கும் மெடல் என்று கொடுத்துவிடலாமே டீச்சர்" என்று சிலர் கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தோற்ற படகில் ஐந்து பேருக்கும் மெடல் கிடையாது. தடம் மாறி மோதினால் காக்ஸைத்தான் முதலில் கேட்பார்கள். பழி வரும்போது பங்கு உண்டு என்றால் பரிசு வரும்போதும் உண்டு. இது இரக்கம் இல்லை, கணக்கு.

இனி என் பக்கத்துக் கணக்கு. இதைச் சொல்லாமல் உங்களைத் திட்டினால் அது நியாயமாகாது.

பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் நாடகம் போட்டோம். ராஜா, மந்திரி, சேவகன் என்று பத்துப் பிள்ளைகள். ஒரு பையன் பார்ப்பதற்குச் சிறியவன், திக்கும். அவனை மேடை ஓரத்தில் திரை இழுக்க வைத்தேன். ஒத்திகை முழுக்க அங்கேயே நின்றதால் அத்தனை பேர் வசனமும் அவனுக்கு மனப்பாடம். விழா அன்று ராஜா வேடம் போட்ட பிள்ளைக்கு நடுவில் வசனம் மறந்துவிட்டது. திரைக்குப் பின்னால் இருந்து இவன் அடி எடுத்துக் கொடுத்தான், திக்காமல். மூன்று இடத்தில் கொடுத்தான். எங்கள் நாடகத்துக்கு முதல் பரிசு.

மறுநாள் நடித்த பத்துப் பேருக்கும் சான்றிதழ் கொடுத்தேன். இவன் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "டீச்சர், எனக்கு?" என்றான்.

"நீ நடிக்கவே இல்லையேடா" என்றேன்.

ஒன்றும் பேசாமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டான். அத்தோடு எனக்கு மறந்தும் போனது. போன வாரம், "இவ துடுப்பைத் தொடவே இல்லையாம்" என்று நீங்கள் எழுதியதைப் படித்த அந்த நிமிடம் அந்தப் பையனின் முகம் வந்து நின்றது. உங்கள் வாக்கியமும் என் வாக்கியமும் ஒன்றுதான். என்னிடமிருந்துதான் கற்றீர்களோ என்னவோ.

அந்த மாணவன் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பான். என் பதிவுகளுக்கு முதல் லைக் எப்போதும் அவனுடையது. பெயரைச் சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரியும். தம்பி, அந்த நாடகத்தில் பதினொரு பேர் இருந்தீர்கள். நான் பத்து என்று எண்ணினேன். கணக்கு தப்பு. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்குக் கடைசியாக மூன்று விஷயம்.

ஒன்று. அவள் ஏன் நனைந்திருந்தாள் என்று கேட்டீர்களே. ஜெயித்த படகுக்காரர்கள் தங்கள் காக்ஸைத் தூக்கித் தண்ணீரில் போடுவது அந்த விளையாட்டின் வழக்கம். உலகம் முழுக்க அப்படித்தான். நான்கு தோழிகளும் சேர்ந்து இவளைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அவள் வேலை என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு. யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கீழே "சாரி டீச்சர்" என்று எழுதவும் வேண்டாம். அவளுக்குப் போன் பண்ணுங்கள். பெரியவர்கள், "நல்லா படி கண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். "கடைசி 200 மீட்டர்ல என்ன சொன்னே?" என்று கேளுங்கள். அவள் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். நன்றாகச் சொல்வாள்.

மூன்று. உங்களில் பலர் இன்று அப்பா, அம்மா, சிலர் ஆசிரியர். பிள்ளை வீட்டுக்கு வந்து "எங்க டீம் ஜெயிச்சுது" என்றால், "நீ எத்தனை கோல் போட்டே, எத்தனை ரன் அடிச்சே" என்று தொடங்காதீர்கள். "உன் இடம் எது, அங்கே என்ன வேலை?" என்று கேளுங்கள்.

மெடல் இப்போது என் பீரோவில் இருக்கிறது. கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த மாதம் அணித் தேர்வாம். அதற்குள் அவளே வந்து அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது இனி உங்கள் கையில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்